போஸ்டன் கடைத்தெருவை வணிகர் கண்கொண்டு பார்ப்போம்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா சென்று வரும் வணிகப் பெருமக்கள் நம்மில் பலர் உண்டு. சென்றவர்கள் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்க்கிறார்கள். நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையைப் பார்க்கிறார்கள். வாஷிங்டனில் வெள்ளை மாளிகையின் வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இவையெல்லாம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கல்லாவில் உட்கார்ந்து பழகிய ஒருவர் அந்த நாட்டில் ஒரே ஓர் ஊரை மட்டும்தான் பார்க்க நேரம் உண்டு என்றால், அது போஸ்டனாக இருக்க வேண்டும் என்பது நமது கருத்து.

காரணம் இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போர் போஸ்டனில்தான் பிறந்தது என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்தப் போர் ஒரு கடைத்தெருவில் பிறந்தது என்பதையும், அதன் முதல் வழக்கு சரக்கு இறக்குமதி பற்றிய வழக்கு என்பதையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஊரில் 'சுதந்திரப் பாதை' என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். வில்லியம் ஸ்கோஃபீல்டு என்ற பத்திரிகையாளர் 1951ல் சொன்ன யோசனை அது. இரண்டரை மைல் நீளம், 16 இடங்கள். நடைபாதையில் சிவப்புக் கோடு போட்டிருப்பதால் யாரையும் வழி கேட்காமல் நடந்துகொண்டே போகலாம். பழங்கால உடுப்பு அணிந்த வழிகாட்டிகள் கூட்டம் கூட்டமாக அழைத்துச் சென்று வீரர்களைப் பற்றியும் சொற்பொழிவுகளைப் பற்றியும் சொல்லுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் ஜான் ஹான்காக் கையெழுத்துப் போட்டவராக வருகிறாரே ஒழிய, கப்பல் வைத்து வியாபாரம் செய்த பெருவணிகராக வருவதில்லை. பால் ரிவியர் குதிரை வீரராக வருகிறார். வெள்ளிப் பட்டறை நடத்தியவராக வருவது ஓரத்தில்தான். ஆகவே அந்தக் கோட்டின் மேல் நடக்கும் நம்மவர், வழிகாட்டி சொல்வதை ஒரு காதில் வாங்கிக்கொண்டு, கண்ணைக் கடை இருந்த பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய அரசாங்க மாளிகையில் தொடங்கலாம். 1713ல் கட்டிய செங்கல் கட்டடம். இன்று சுற்றிலும் வானளாவும் கட்டடங்கள். நடுவில் இது ஒரு பொம்மை வீடு போல நிற்கிறது. அடியில் சுரங்க ரயில் நிலையம். மேல்மாடியில் ஆளுநரும் சட்டசபையும். கீழ்த்தளத்தில் வணிகர்கள் கூடிப் பேசி விலை தீர்க்கும் இடம். சட்டம் செய்கிறவர் மாடியிலும் அதன் சுமையைத் தாங்குகிறவர் கீழேயும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள் என்பது நமக்கு வேடிக்கையாக இருக்கிறது. 1776 ஜூலை 18ந் தேதி சுதந்திரப் பிரகடனத்தை இதன் பால்கனியிலிருந்துதான் போஸ்டன் மக்களுக்குப் படித்துக் காட்டினார்கள். பிற்பாடு அரசாங்கம் வேறு இடம் போனதும் பல ஆண்டுகள் இந்தக் கட்டடம் கடைகளுக்கும் ஆபீசுகளுக்கும் வாடகைக்கு விடப்பட்டிருந்தது. 1881ல் இடிக்கப் போகிறார்கள் என்ற நிலை வந்தபோது ஊரார் சங்கம் கூட்டிக் காப்பாற்றினார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஃபேன்யுல் மண்டபம். இதைக் கட்டிக் கொடுத்தவர் பீட்டர் ஃபேன்யுல் என்ற வணிகர். 1740ல் அவர், "என் செலவில் ஊருக்கு ஒரு சந்தைக் கட்டடம் கட்டித் தருகிறேன்" என்று முன்வந்தார். இலவசமாகத் தருகிற கட்டடத்தை யார் வேண்டாம் என்பார்கள்? போஸ்டன்காரர்கள் சொன்னார்கள்! அதற்கு முன் ஊர் செலவில் கட்டிய சந்தைகளில் ஒன்றை 1737ல் ஒரு கும்பல் இரவோடு இரவாக இடித்தே போட்டுவிட்டது. தெருத்தெருவாகக் கூவி விற்றவர்களுக்கும், வாசலிலேயே வாங்கிப் பழகியவர்களுக்கும், ஒரே இடத்தில் குறித்த நேரத்தில்தான் விற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு பிடிக்கவில்லை. சந்தை என்று ஒன்று வந்தால் விலை ஏறும் என்று பயந்தார்கள். கடைசியில் ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுப்பு. ஆதரவு 367, எதிர்ப்பு 360. ஏழே வாக்குகளில் பிழைத்தது அந்தச் சந்தை. எதிர்த்தவர்களைச் சமாதானப்படுத்த, மாடியில் ஒரு பொதுக்கூட்ட மண்டபமும் சேர்த்துக் கட்டினார்கள். 1742ல் வேலை முடிந்தது. அடுத்த ஆண்டே ஃபேன்யுல் காலமானார். மாடி மண்டபத்தின் முதல் ஊர்க்கூட்டம் அவருக்கு இரங்கல் தெரிவிக்கத்தான் கூடியது.

கீழே இறைச்சியும் காய்கறியும் விற்க, மேலே நடந்த கூட்டங்களில்தான் ஆங்கில வரிகளுக்கு எதிரான பேச்சு வளர்ந்தது. 'விடுதலையின் தொட்டில்' என்று அதற்குப் பட்டப்பெயர். 1761ல் தீப்பிடித்து எரிந்தபோது லாட்டரிச் சீட்டு விற்றுப் பணம் திரட்டி மறுபடி கட்டினார்கள். 1806ல் அகலத்தை இரண்டு மடங்காக்கினார்கள். கூரை உச்சியில் காற்று காட்டியாக ஒரு பொன்முலாம் பூசிய வெட்டுக்கிளி 1742 முதல் சுழன்றுகொண்டிருக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஃபேன்யுல் மீன், மது, வெல்லப்பாகு ஆகியவற்றோடு அடிமைகளையும் வாங்கி விற்றவர். சொந்தமாகவும் அடிமைகளை வைத்திருந்தவர். அந்தப் பணமும் சேர்ந்துதான் இந்தச் சுவர் எழுந்தது. ஆகவே மண்டபத்தின் பெயரை மாற்ற வேண்டும் என்று போஸ்டனில் பல ஆண்டுகளாகக் கோரிக்கை இருந்துவருகிறது. அது அந்த ஊரார் முடிவு செய்ய வேண்டியது. கொடையாளி பெயரைக் கல்லில் பொறித்துவிட்டால் கணக்கு முடிந்துவிடுவதில்லை என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது.

இனி தேயிலைக்கு வருவோம். 'வரி கொடுக்க மறுத்துத் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிற இந்தக் கதையில், வணிகர்கள் கூர்ந்து படிக்க வேண்டிய ஒரு பகுதி விடுபட்டுப் போகிறது. 1773ல் ஆங்கிலப் பாராளுமன்றம் போட்ட தேயிலைச் சட்டம் அமெரிக்காவில் தேயிலை விலையைக் கூட்டவில்லை, குறைத்தது!

நடந்தது இதுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் கிடங்குகளில் தேயிலை மலைபோல் தேங்கிவிட்டது. கம்பெனி கடனில் மூழ்கும் நிலை. அதுவரை கம்பெனி தேயிலையை லண்டனில் ஏலம் விட வேண்டும். அங்குள்ள மொத்த வியாபாரிகள் எடுத்து அமெரிக்க இறக்குமதியாளருக்கு அனுப்புவார்கள். அவர் கடைக்காரருக்குக் கொடுப்பார். புதிய சட்டம் இந்த வரிசை முழுவதையும் தாண்டிவிட்டது. கம்பெனியே நேராகக் கப்பலில் ஏற்றி, தான் பொறுக்கி எடுத்த சில ஏஜெண்டுகளிடம் கொடுத்து விற்கலாம். இங்கிலாந்தில் கட்டிய தீர்வையும் திரும்பக் கிடைக்கும். அமெரிக்காவில் ராத்தலுக்கு 3 பென்ஸ் வரி மட்டும் இருக்கும். இப்படி விற்றால் டச்சுக்காரரிடமிருந்து கள்ளத்தனமாக வந்துகொண்டிருந்த தேயிலையைவிடவும் மலிவாக விற்க முடியும் என்பது கணக்கு.

வாங்குகிறவருக்கு லாபம்தானே, ஏன் எதிர்த்தார்கள் என்று கேட்கலாம். எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்களுக்கு வரி போடக்கூடாது என்ற கொள்கை ஒரு பக்கம். இன்று தேயிலையில் நடுவில் இருப்பவனை ஒழித்தால் நாளை துணியிலும் மசாலாவிலும் அதையே செய்வார்கள் என்ற அச்சம் இன்னொரு பக்கம். கள்ளச் சரக்கு விற்றவர்களுக்குத் தங்கள் பிழைப்பு போய்விடுமே என்ற கவலையும் இருந்தது. அதையும் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும். போஸ்டனில் கம்பெனி நியமித்த ஏஜெண்டுகளில் ஆளுநர் ஹச்சின்சனின் இரண்டு மகன்கள் உண்டு. சந்தை கட்டிக் கொடுத்த ஃபேன்யுலின் தம்பி மகன் பெஞ்சமின் ஃபேன்யுலும் உண்டு. ஆளுநர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏஜென்சி என்றால் ஊர் என்ன பேசும் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையில் நமக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றுகிறவர் பிரான்சிஸ் ராட்ச் என்ற 23 வயது இளைஞர். 'டார்ட்மவுத்' கப்பல் அவர் குடும்பத்துக்குச் சொந்தம். நவம்பர் 28ந் தேதி கப்பல் துறைமுகம் வந்தது. தேயிலையை இறக்கக்கூடாது, அப்படியே திருப்பி அனுப்பு என்கிறது ஊர்க்கூட்டம். வரி கட்டாமல் திரும்பிப் போக அனுமதிச்சீட்டு தரமாட்டேன் என்கிறது சுங்கம். சீட்டு இல்லாமல் புறப்பட்டால் துறைமுகக் கோட்டையின் பீரங்கிகள் சுடும். 20 நாளில் வரி கட்டாவிட்டால் சரக்கு பறிமுதல். சரக்கு அவருடையதும் அல்ல. வாடகைக்கு ஏற்றி வந்த சரக்கு! கெடுவுக்கு முந்தைய நாளான டிசம்பர் 16 அன்று, குளிரில், ஆளுநரின் கிராமத்து வீடு வரை போய் அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் திரும்பி வந்து அதைச் சொல்லும்வரை பழைய தெற்குக் கூட்ட மண்டபத்தில் சுமார் 5,000 பேர் காத்திருந்தார்கள். ஃபேன்யுல் மண்டபம் அத்தனை பேருக்குப் போதவில்லை. பதில் தெரிந்ததும் கூட்டம் துறைமுகத்துக்குப் போனது. மூன்று கப்பல்களில் இருந்த 342 பெட்டிகள், 92,000 ராத்தலுக்கு மேல், கடலில் கொட்டப்பட்டன. கம்பெனி போட்ட நஷ்டக் கணக்கு 9,659 பவுண்டு. அத்தனையும் சீனத் தேயிலை. அசாம் தேயிலை என்று நம்மவர்கள் சிலர் சொல்வது சரியல்ல. அந்தக் காலத்தில் இந்தியாவில் தேயிலைத் தோட்டமே கிடையாது.

வேறு எந்தப் பொருளையும் தொடவில்லை. உடைத்த ஒரு பூட்டுக்குப் பதிலாகப் புதுப்பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள். சட்டைக்குள் தேயிலையை ஒளித்துக்கொண்டவரைப் பிடித்து உதைத்தார்கள். இதெல்லாம் உண்மை. இருந்தாலும் விற்பனைச் சரக்கை நாசமாக்கியதை வணிகர்களாகிய நாம் கைதட்டி வரவேற்க முடியாது. பெஞ்சமின் பிராங்க்ளினே கம்பெனிக்கு நஷ்டஈடு கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அப்போது சொன்னார். கொடுக்கவில்லை. 1774 ஜூன் 1 முதல் போஸ்டன் துறைமுகத்தை மூடிவிட்டது ஆங்கில அரசு. அப்போது வயிறு காய்ந்தவர்கள் கப்பல்காரர்களும் கிடங்குக்காரர்களும் சுமை தூக்கியவர்களும்தான். ஆயினும் அவர்கள் கேட்ட கேள்வி செத்துப்போகவில்லை. ஒரு பெரிய கம்பெனி அரசின் ஆதரவோடு, நஷ்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல், நடுவில் உள்ள நூறு வியாபாரிகளைத் தாண்டி விலையைக் குறைத்தால் அந்த மலிவு எத்தனை நாளைக்கு? செல்போனில் ஆர்டர் எடுத்து வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் இந்தக் காலத்தில் அந்தக் கேள்வியை நாமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

தேயிலை கொட்டிய படகுத்துறை இப்போது இல்லை. கடலைத் தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள். பக்கத்தில் மாதிரிக் கப்பல்களுடன் ஒரு காட்சிசாலை இருக்கிறது. கட்டணம் கொடுத்தால் நீங்களும் ஒரு பெட்டியைத் தண்ணீரில் தள்ளலாம். கயிறு கட்டியிருப்பதால் திரும்ப இழுத்துக்கொள்வார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும். நமக்கு நேரம் குறைவென்றால் அதை விட்டுவிட்டு, 1729ல் கட்டிய அந்தப் பழைய தெற்குக் கூட்ட மண்டபத்துக்கே போகலாம்.

அந்த மண்டபம் இன்று நிற்பதற்கு ஒரு ஜவுளிக்காரர் காரணம் என்றால் நம்ப முடிகிறதா? 1872ல் போஸ்டன் வணிகப் பகுதியையே தின்ற பெருந்தீயில் தப்பிய கட்டடம் அது. 1876ல் இடம் நல்ல விலை போகும் என்று கட்டடத்தைப் பழைய சாமான் கணக்கில் ஏலம் விட்டார்கள். 1,350 டாலருக்குப் போயிற்று. இடிப்பு வேலையும் தொடங்கிவிட்டது. அப்போது ஜார்ஜ் சிம்மன்ஸ் என்பவரின் ஆயத்த ஆடைக்கடை, ஏழு நாளைக்கு இடிக்காமல் நிறுத்திவைக்கும் உரிமையைப் பணம் கொடுத்து வாங்கியது. ஏழே நாள். அந்த அவகாசத்தில் ஊர் திரண்டது. கூட்டங்கள் நடந்தன. பெண்கள் முன்நின்று நிதி திரட்டினார்கள். மேரி ஹெமன்வே என்ற அம்மையார் மட்டும் 1,00,000 டாலர் கொடுத்தார். இடத்துக்கு 4,00,000 டாலர் ஆயிற்று. ஆடைக்கடைக்கு அதில் விளம்பரமும் கிடைத்திருக்கும், கிடைக்கட்டுமே! விளம்பரத்துக்கு நாட்காட்டி அடிக்கிறோம், பை அடிக்கிறோம். அதைவிட நல்ல விளம்பரம் இது.

விளம்பரம் என்றதும் இன்னொன்று. போஸ்டனில் ஒரு தேயிலைக் கடைக்காரர் 1873ல் வாசலில் பிரமாண்டமான செப்புக் கெண்டியைத் தொங்கவிட்டார். அதன் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். இது எத்தனை காலன் பிடிக்கும் என்று சொல்பவருக்குத் தேயிலை பரிசு என்று போட்டி வைத்தார். 1875 புத்தாண்டு நாளில் அளந்தார்கள். அதற்கு முன் மூடியைத் திறந்ததும் உள்ளிருந்து சிறுவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஏறி வெளியே வந்தார்களாம். 227 காலனும் சொச்சமும் பிடித்தது. கடை போய் வெகுகாலம் ஆனபின்பும் அந்தக் கெண்டியை ஊரார் விடவில்லை.

போஸ்டனுக்கும் நம் சென்னைக்கும் உள்ள பழைய கணக்கு வழக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேல் 1649ல் போஸ்டனில் பிறந்தவர். கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் செய்து, அதனாலேயே பதவி இழந்தவர். பிற்காலத்தில் அவர் அனுப்பிய துணிப்பொதிகளையும் மற்றச் சாமான்களையும் விற்று வந்த பணம்தான் யேல் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது.

அதைவிட நம் மனதைக் கவர்கிற வியாபாரி பிரெடரிக் ட்யூடர். போஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் ஐஸை அறுத்து வெப்ப நாடுகளுக்கு விற்கப் போகிறேன் என்று 1806ல் கிளம்பியபோது ஊரே சிரித்தது. சரக்கு ஏற்ற யாரும் சம்மதிக்காததால் தாமே கப்பல் வாங்கினார். முதல் பயணத்தில் 130 டன், மார்டினிக் தீவுக்கு. நஷ்டம். கடனுக்காகச் சிறையும் போனார். விடவில்லை. ஐஸைச் சுற்றி மரத்தூள் அடைத்தால் உருகுவது குறையும் என்று கண்டுகொண்டார். அந்த மரத்தூள் மர அறுவை ஆலைகளின் கழிவுச் சரக்கு. ஏரியில் பனிக்கட்டிக்குக் கூலி மட்டும்தான். 1833ல் கல்கத்தாவுக்கு 180 டன் ஏற்றினார். நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பின்பும் சுமார் 100 டன் மிஞ்சியது. சென்னைக் கடற்கரையில் 1842 வாக்கில் அவர் ஐஸுக்காகக் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிற அதே கட்டடம். செயற்கை ஐஸ் வந்ததும் அந்த வியாபாரம் மறைந்தது. தண்ணீரையும் மரத்தூளையும் ஏற்றுமதிச் சரக்காக்கிய அந்த மனிதரின் பெயர் சிவப்புக் கோட்டில் நடக்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாஷிங்டன் தெருவில் தெற்கே நடந்தால் 1718ல் ஒரு மருந்துக்கடைக்காரர் கட்டிய வீடு வரும். 'பழைய மூலைப் புத்தகக்கடை' என்பார்கள். 19ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பெரிய எழுத்தாளர்கள் புத்தகங்களை வெளியிட்ட பதிப்பகம் அங்கே இருந்தது. 1960ல் கார் நிறுத்துமிடம் கட்ட இடிக்க இருந்ததை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். அண்மைக் காலத்தில் அதில் மெக்சிகோ உணவு விற்கும் ஒரு சங்கிலித் தொடர் ஹோட்டல் வந்ததைப் பலர் கேலி செய்தார்கள். நாம் கேலி செய்ய மாட்டோம். வாடகை வந்தால்தான் கூரை ஒழுகாமல் இருக்கும்.

அதே தெருவில் இன்னும் கொஞ்சம் தள்ளி பைலீன்ஸ் கடை இருந்த கட்டடம். அதன் நிலவறையில் எட்வர்டு பைலீன் 1909ல் தொடங்கிய கழிவு விற்பனை முறை நம் ஜவுளிக்காரர்கள் ஆராய வேண்டியது. ஒவ்வொரு சரக்கிலும் கடைக்கு வந்த தேதி எழுதியிருக்கும். 12 நாள் விற்காவிட்டால் கால்பங்கு விலை குறையும். இன்னும் 6 நாள் போனால் பாதி விலை. மறுபடி 6 நாள் போனால் முக்கால்பங்கு குறையும். 30 நாளிலும் போகாத சரக்கு தர்மத்துக்கு. கடைக்காரர் விருப்பத்துக்கு இதில் இடமே கிடையாது, நாள் குறைக்கும். விலை இன்னும் இறங்கட்டும் என்று காத்திருந்தால் வேறொருவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்ற பயத்தில் வாடிக்கையாளர் ஓடிவருவார். தேங்கிய சரக்கை ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டிவைத்து வட்டி கட்டுகிறவர்களுக்கு இது கசப்பு மருந்தாக இருக்கும். அந்த நிலவறை 2007ல் மூடப்பட்டது. 2011ல் அந்த நிறுவனமே கடையை ஏறக்கட்டியது. 1912ல் கட்டிய முகப்பு மட்டும் அழகாக இருக்கிறது.

முகப்பு மட்டும் என்றோமே, அதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஃபேன்யுல் மண்டபத்துக்குப் பின்னால் குவின்சி மார்க்கெட் இருக்கிறது. மேயர் ஜோசையா குவின்சி, பழைய சந்தையில் இடம் போதவில்லை என்று படகுத்துறையைத் தூர்த்து 1826ல் திறந்த கட்டடம். கருங்கல்லில், நடுவே கோபுரக் கூரையுடன், 535 அடி நீளம். இரு பக்கமும் கிடங்கு வரிசை கட்ட, மனைகளை ஏலம் விட்டார். வாங்குகிறவர்கள் முகப்பை ஒரே வரைபடப்படி கருங்கல்லில் கட்ட வேண்டும் என்று நிபந்தனை. 130 ஆண்டுகளுக்கு மேல் நியூ இங்கிலாந்து முழுவதற்கும் மாமிசமும் வெண்ணெயும் முட்டையும் காய்கறியும் இங்கிருந்து போயின. பிறகு லாரி வந்தது, குளிர்பதனக் கிடங்கு வந்தது. சந்துகளில் லாரி திரும்ப முடியவில்லை. 1950களில் சந்தைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மேம்பாலச் சாலையையும் கொண்டுவந்து போட்டார்கள். மொத்த வியாபாரிகள் ஆற்றுக்கு அப்பால் செல்சியில் புது வளாகம் அமைத்துப் போய்விட்டார்கள். கட்டடங்கள் பாழாயின.

அதை மீட்டவர்கள் பெஞ்சமின் தாம்சன் என்ற கட்டடக் கலைஞரும் ஜேம்ஸ் ரவுஸ் என்ற வணிக வளாகக் கட்டுமானக்காரரும். ஊர் நடுவில் பழைய கட்டடத்தில் யார் வந்து வாங்குவார்கள் என்று வங்கிகள் தயங்கின. திறப்பு விழாவுக்குக் கடைகள் நிரம்பாததால் தள்ளுவண்டிகளை வாடகைக்கு விட்டு இடத்தை நிரப்பினார்கள். 1976 ஆகஸ்ட் 26 அன்று, குவின்சி திறந்து சரியாக 150 ஆண்டு கழித்து, மறுபடி திறந்தார்கள். கூட்டம் அலைமோதியது. உடனே பால்டிமோரிலும் நியூயார்க்கிலும் அதே மாதிரி எழுந்தன.

வெற்றிதான். மறுக்கவில்லை. இடித்திருந்தால் அங்கே இன்று ஒரு கார் நிறுத்துமிடம் இருந்திருக்கும். ஆனால் சந்தை பிழைத்ததா? பழைய இறைச்சிக் கடைக்காரர்கள் சிலர் முதலில் இருந்தார்கள். வாடகையும் வாடிக்கையும் மாறமாற ஒவ்வொருவராகப் போனார்கள். இன்று உள்ளே இருப்பது நின்றபடி சாப்பிடும் கடைகள். வெளியே பனியன், குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மை, பெரிய கம்பெனிகளின் கிளைகள். வீட்டுக்கு அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்க அங்கே யாரும் வருவதில்லை. மொத்த வியாபாரிகளோடு ஒரே நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் டர்ஜின் பார்க் என்ற ஹோட்டல் அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்தது. பரிமாறும் பெண்கள் அதட்டிப் பேசுவதே அதன் புகழ். 2019 ஜனவரியில் அதுவும் மூடிவிட்டது. நம் நாட்டிலும் பழைய சந்தைகளைப் புதுப்பிக்கிறோம், பாரம்பரியச் சின்னமாக்குகிறோம் என்று திட்டங்கள் வரும்போது வரைபடத்தில் தூண்களையும் விளக்குகளையும் காட்டுவார்கள். அங்கே ஐம்பது ஆண்டாகக் கடை வைத்திருப்பவருக்குத் திரும்ப எந்த எண் கடை, என்ன வாடகை, எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்பதை முதலில் எழுத்தில் காட்டச் சொல்ல வேண்டும். கட்டடத்தைப் பார்க்க வரும் பயணிக்கு வேண்டியது வேறு; பத்து நாளைக்கு ஒருமுறை சரக்கெடுக்க வரும் கடைக்காரருக்கு வேண்டியது வேறு. இரண்டையும் ஒரே கூரையில் வைக்க முடியும். ஆனால் முன்கூட்டியே வாடகை நிர்ணயம் செய்யாமல் முடியாது.

பங்கர் குன்று நினைவுத் தூண், பழைய போர்க்கப்பல், பால் ரிவியர் வீடு எல்லாம் கோட்டின் மீதி. முழங்கால் நன்றாக இருப்பவர்கள் தூணின் 294 படிகளையும் ஏறலாம். ரிவியர் வீட்டைப் பற்றி ஒன்று மட்டும். சுமார் 1680ல் கட்டிய அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பிற்காலத்தில் மிட்டாய்க் கடையும், சுருட்டுப் பட்டறையும், பழக்கடையும் இருந்தன. 1908ல் காட்சிசாலையாகத் திறந்தபோது அந்தக் கடைகளின் தடயத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள்.

ஆகவே போஸ்டன் போகிறவர்கள் வெள்ளி அல்லது சனிக்கிழமையாகப் பார்த்துப் போக வேண்டும் என்பது நமது யோசனை. குவின்சி மார்க்கெட்டுக்கு அருகிலேயே, பிளாக்ஸ்டோன் தெருவில், அந்த இரண்டு நாட்கள்தான் ஹேமார்க்கெட் கூடும். செல்சியில் உள்ள மொத்த வியாபாரிகள் வாரக் கடைசிக்குள் தள்ளிவிட வேண்டிய காய்கனிகளை இங்கே தள்ளுவண்டிக்காரர்கள் எடுத்து வந்து விற்கிறார்கள். முன்பு பெரும்பாலும் இத்தாலியர்கள்; இப்போது பல நாட்டு மக்கள். பழத்தில் தழும்பு இருக்கும், விலை சூப்பர் மார்க்கெட் விலையில் பாதிக்கும் கீழே இருக்கும், சனி மாலை நெருங்க நெருங்க இன்னும் இறங்கும். பக்கத்துச் சந்தில், ஒரு பெயிண்ட் கடைக்காரர் சாயம் அரைத்த கல்லை 1737ல் சுவரில் பதித்திருக்கிறார்கள், அதையும் பார்க்கலாம். எதிரே ஒரு பழைய துணிக்கடைக் கட்டடத்தில் 1826 முதல் ஒரு சிப்பி ஹோட்டல் நடந்துவருகிறது. சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: போஸ்டன் பீன்ஸ் என்று கேட்டு வாங்கிவிட வேண்டாம், பன்றிக்கொழுப்புப் போட்டு வேகவைப்பது அந்த ஊர் மரபு.

ஹேமார்க்கெட்டில் வாங்க நினைத்தால் சில்லறை டாலர் நோட்டுகளும் சொந்தப் பையும் கொண்டுபோக வேண்டும். அடுக்கியிருக்கும் தக்காளியைத் தொட்டு அமுக்கிப் பார்த்தால் விற்பவர் சத்தம் போடுவார். அவர் எடுத்துக் கொடுப்பதைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கெட்டதாக இருந்தால் அங்கேயே பையைத் திறந்து காட்டி மாற்றிக் கேட்கலாம்.